அப்பாவின் பச்சைத்தாளும் உங்கள் களைப்பும்

கேள்வி:

அக்கா, எனக்கு 38 வயது. எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். இப்போது மேற்கு சிட்னியில் கணவர், மகள், அப்பாவோடு இருக்கிறேன். 2023இல் அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்களின் 'குரல்' என்ற ஆலோசனைச் சபையை அரசியலமைப்பில் சேர்ப்பதற்கான சர்வசன வாக்கெடுப்பில் 'ஆம்' பக்கத்துக்குத் தொண்டராக வீடு வீடாகப் போனேன். தோற்றோம். 2025 மே மாதப் பொதுத் தேர்தலில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்காக ஆறு வாரம் ரயில் நிலையத்திலும் வாக்குச்சாவடி வாசலிலும் நின்றேன். அதுவும் தோல்வி. இப்போது இரவு இரண்டு மணி வரை போனில் அரசியல் செய்திதான் பார்க்கிறேன். தொண்டர் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தாலே நெஞ்சு இறுகுகிறது. நெருங்கிய சிநேகிதி ஒருத்தி 'இல்லை' என்று போட்டாள் எனத் தெரிந்த நாளிலிருந்து அவளோடு கதைப்பதில்லை. அப்பாவோடுதான் பெரிய சண்டை. "எல்லாரும் ஒண்டுதான். எண்பத்தொண்டிலை பெட்டியையே தூக்கினதைப் பாத்தனான். தண்டம் கட்டக் கூடாதெண்டு போறன், ஒரு பெட்டியிலை ஒண்டெண்டு போட்டிட்டு வாறன்" என்கிறார். கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. கணவர் "வீட்டைப் பாரும்" என்கிறார். எனக்கு ஏதும் பிரச்சினையா? எல்லாவற்றையும் விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் சொல்கிறேன். விடுவதா தொடர்வதா என்று இப்போது முடிவெடுக்காதீர்கள். நித்திரை கெட்டிருக்கும் காலத்தில் வேலையை விடுவது, வீட்டை விற்பது, உறவை முறிப்பது போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வேன். இதுவும் அந்த வகைதான். வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு மாதம் விலகி நிற்பது வேறு, அரசியலை விட்டுவிட்டேன் என்று உங்களுக்கே அறிவித்துக்கொள்வது வேறு. முதலாவதை இன்றைக்கே செய்யலாம்.

உங்களுக்கு ஏதும் பிரச்சினையா என்ற கேள்விக்கு: நீங்கள் எழுதியிருக்கும் நிலைக்கு 'பேர்ன் அவுட்' என்று பெயர் இருக்கிறது. இன்று அலுவலகக் களைப்புக்கெல்லாம் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். ஆனால் அதை உளவியலுக்குள் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ரொய்டன்பெர்கர் 1974இல் எழுதியது, நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் சேவை செய்தவர்களைப் பற்றி. சம்பளத்துக்காக வந்தவர்கள் அல்ல, மனம் ஒப்பி வந்த தொண்டர்கள். மிகுந்த அக்கறையோடு வந்தவர்களே சில மாதங்களில் எரிந்து தீர்ந்து போவதை அவர் பார்த்தார். அவரும் அதற்குள் அகப்பட்டவர்தான். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் இதில் மூன்று கூறுகளைக் காட்டினார்: உடலும் மனமும் வற்றிப்போவது, மனிதர்கள்மேல் கசப்பு வருவது, செய்தது எதுவும் உருப்படவில்லை என்று தோன்றுவது. இரண்டு மணி வரை விழித்திருப்பது, சிநேகிதியோடு கதைக்காமல் விட்டது, 'அதுவும் தோல்வி' என்று ஒரே சொல்லில் ஆறு வாரத்தை முடித்தது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. நீங்கள் பலவீனமான ஆள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அக்கறை குறைந்தவர்களுக்கு இது வருவதில்லை.

இருந்தாலும் இதை நான் லேசாக எடுக்கவில்லை. நித்திரைக் குழப்பமும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் போங்கள். மனநலச் சிகிச்சைத் திட்டம் ஒன்றை எழுதித் தரும்படி கேளுங்கள். அதன் கீழ் வருடத்துக்கு 10 அமர்வுகள் வரை அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் உதவியோடு உளவியலாளரைப் பார்க்கலாம். 'தேர்தலுக்குப் பிறகு நித்திரை இல்லை' என்று வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். காரணம் எதுவானாலும் நித்திரை நித்திரைதான். போனைப் படுக்கை அறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். இரவு பதினொரு மணிக்குப் பிறகு வாசிக்கும் எந்தச் செய்தியிலும் உங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் செய்தி வாசிப்பது அரசியல் வேலை செய்வதுபோல ஒரு உணர்வைத் தரும், வேலை நடக்காது. களைப்பு மட்டும் உண்மையாகவே சேரும்.

இனி அந்த இரண்டு தோல்விகளுக்கு வருவோம்.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாடு முழுவதும் 'இல்லை' என்றவர்கள் 60.06 வீதம். ஆறு மாநிலங்களிலும் 'இல்லை'. தலைநகரப் பிரதேசம் மட்டும் 'ஆம்' என்றது. மேற்கு சிட்னித் தொகுதிகளிலும் பெரும்பாலும் 'இல்லை'தான். ஆனால் இந்தக் கணக்கையும் பாருங்கள். கூட்டாட்சி ஏற்பட்ட காலத்திலிருந்து அரசியலமைப்பை மாற்ற 45 முன்மொழிவுகள் மக்களிடம் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. நிறைவேறியவை 8. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1977இல். இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆதரிக்காமல் எதுவும் நிறைவேறியதில்லை. பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கான 1967 வாக்கெடுப்பு 90 வீதத்துக்கு மேல் ஆதரவு பெற்றதென்றால், அப்போது எதிர்த்து நின்ற பெரிய கட்சி இல்லை. 2023இல் எதிர்க்கட்சி எதிராக நின்றது. நீங்கள் இன்னும் இருநூறு கதவைத் தட்டியிருந்தாலும் அது மாறியிருக்காது. இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. நம் கையில் இருந்தது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார்க்காவிட்டால், நாடு தழுவிய முடிவு முழுவதையும் மனம் நம் கணக்கில் எழுதிவிடும். அதைச் சுமக்க யாராலும் முடியாது.

தோல்விக்குப் பிறகு செயற்பாட்டாளர்கள் என்ன ஆகிறார்கள் என்பதை குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் வினிஃப்ரெட் லூயிஸும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள், 'நான் அந்தக் கூட்டத்து ஆளே இல்லை' என்கிறார்கள். சிலர் வழிமுறையை மாற்றிப் பார்க்கிறார்கள். சிலருக்கு அதே விஷயம் இன்னும் பெரிய நீதி அநீதிப் பிரச்சினையாக இறுகுகிறது. சிலர் முன்னையைவிட வேகமாக ஓடத் தொடங்குகிறார்கள். ஒரே ஆளுக்குள் இவை மாறி மாறி வரும். நான் வாசித்த அளவில் 2023க்குப் பிறகு நீங்கள் வேகமாக ஓடினீர்கள், கூடவே இறுகினீர்கள். 2025க்குப் பிறகு ஒதுங்கப் பார்க்கிறீர்கள். வழிமுறையை மாற்றுவது என்ற ஒன்றை மட்டும் நீங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அதற்கு முன் சிநேகிதியைப் பற்றி. ஒரு கருத்து மனதில் அறநெறியாகப் பதிந்துவிட்டால், மாற்றுக் கருத்து உள்ளவர் பக்கத்தில் இருப்பதையே மனம் விரும்பாது என்று லிண்டா ஸ்கிட்கா என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். உங்களைத் தெருவில் இறக்கிய அதே உணர்வுதான் உங்களையும் சிநேகிதியையும் பிரித்திருக்கிறது. 'இல்லை' என்று போட்ட ஒரு கோடிக்கு அருகான மக்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போடவில்லை. அவள் என்ன காரணத்துக்காகப் போட்டாள் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வருடமாகக் கேட்காமல் இருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு தேநீருக்குக் கூப்பிடுங்கள். முதல் நாள் அரசியல் வேண்டாம்.

சரி, அப்பா.

அவருக்கு வயது அறுபத்தெட்டோ எழுபதோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அவருடைய முதல் வாக்கு 1977. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களை வென்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரான தேர்தல். இருபது வயதுப் பொடியனுக்கு அது எப்படியான நாளாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாலு வருடம் கழித்து 1981 ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்கு நாலு நாள் முன்னர் இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. வாக்களிப்பிலும் எண்ணுவதிலும் நடந்த முறைகேடுகள் ஊர் முழுக்கத் தெரிந்த கதை. 1982 டிசம்பரில், பொதுத் தேர்தல் வைக்க வேண்டிய இடத்தில், பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டு விளக்கா குடமா என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கு, அதாவது 'இல்லை'க்குப் போட்டார்கள். நீட்டினார்கள். அடுத்த ஆண்டு கறுப்பு ஜூலை. அதற்குப் பிறகு, பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொல்லிக் கொண்டுவந்த ஆறாவது திருத்தத்தோடு 1977இல் அப்பா போன்றவர்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அடுத்த பொதுத் தேர்தல் நடந்தது 1989இல்.

அந்த விளக்குக் குடம் வாக்கெடுப்புக்குத் தமிழில் என்ன பெயர்? சர்வசன வாக்கெடுப்பு. 2023இல் நீங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்த அதே சொல். உங்களுக்கு அது ஒரு பழைய அநீதியைத் திருத்துவதற்கான வாய்ப்பு. அவருக்கு அது தேர்தலையே இல்லாமல் ஆக்கியதின் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டபோது அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் யோசிக்கிறேன். அவரே அதைச் சொல்லாகச் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே 'எல்லாரும் ஒண்டுதான்' என்று அப்பா சொல்லும்போது அதை ஒரு வாதமாக எடுத்துப் பதில் வாதம் வைக்கிறீர்கள். அது வாதம் அல்ல, நினைவு. நினைவை யாரும் வாதத்தால் வெல்ல முடியாது. அது தேவையும் இல்லை.

அப்பாவின் அவநம்பிக்கை முழுக்க ஊரிலிருந்து வந்ததும் இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அவரைப் போலத்தான் கதைக்கிறார்கள். அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் 1987 முதல் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் வாக்காளர் ஆய்வு நடத்துகிறது. ஜனநாயகம் நடக்கிற விதத்தில் திருப்தி என்றவர்கள் 2007இல் 86 வீதம். 2019இல் அது 59. அந்த வருடம் அரசாங்கத்தில் இருப்பவர்களை நம்பலாம் என்றவர்கள் நாலு பேரில் ஒருவர்தான். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2010இலிருந்து 2018க்குள் பதவியில் இருந்த பிரதமரைச் சொந்தக் கட்சியே நாலு தடவை கவிழ்த்தது. மக்கள் ஒருவருக்கு வாக்களிக்க, நித்திரையால் எழும்பும்போது இன்னொருவர் பிரதமர். அப்புறம் ரோபோடெப்ற். வருட வருமானத்தைக் கணினி இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்து, இல்லாத கடனை இருப்பதாகக் காட்டி, அரச உதவிப்பணம் பெற்ற நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்பிய திட்டம். அது சட்டவிரோதமானது என்பதை அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2023 ஜூலையில் அரச ஆணைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தந்தது. அரசாங்கக் கடிதத்தைக் கண்டால் கை நடுங்குகிற எங்கள் ஆட்களை அது எப்படி உலுக்கியது என்பதை என் அறையில் நேரே பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பார்த்துவிட்டு அரசியல்வாதிகளை நம்பவில்லை என்று ஒருவர் சொன்னால், அவருக்கு மனக்கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அரசியல்வாதிகளை நம்பாதது ஒன்று, வாக்குப்பெட்டியை நம்பாதது இன்னொன்று. இந்த நாட்டில் இவை இரண்டும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. 2022இல் ஜனநாயகத்தில் திருப்தி 70 வீதத்துக்குத் திரும்பி ஏறியது, ஆனால் அதே ஆய்வில் அரசாங்கத்தில் இருப்பவர்களை நம்புகிறவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2025 மே மாதம் மூன்றில் ஒரு பங்கு மக்கள் இரண்டு பெரிய அணிகளுக்கும் முதலாவது விருப்பு வாக்கைக் கொடுக்கவில்லை. கட்சிகளில் வெறுத்துப்போனவர்கள் வீட்டில் இருக்கவில்லை, வேறு ஆளைத் தேடிப் போட்டார்கள். தண்டப்பணமும் இதற்கு ஒரு காரணம்தான், மறைக்கத் தேவையில்லை. கட்டாய வாக்களிப்பு வருவதற்கு முன்னர் 1922இல் 60 வீதம்கூட வரவில்லை. சட்டம் வந்த பிறகு 1925இல் 91 வீதத்தைத் தாண்டியது. தண்டம் வெறும் 20 டொலர் என்றாலும் எல்லோரும் வருகிறார்கள். எல்லோரும் வருவதால் யாரும் யாரையும் வரவிடாமல் தடுத்து வெல்ல முடியாது. அப்பா 'தண்டத்துக்காகப் போறன்' என்று சொல்லும்போது முகம் சுளிக்காதீர்கள். அப்படிப் போகிறவர்களும் சேர்ந்துதான் இந்த முறையைத் தாங்குகிறார்கள்.

என் மாமனார் ஒருநாளும் வாக்குச்சாவடிப் பென்சிலைத் தொடமாட்டார். சட்டைப்பையில் பேனையோடு போவார். "பென்சிலாலை எழுதினா அழிக்க எவ்வளவு நேரம்?" என்பார். எனக்கு முதலில் கோபம் வரும். பிறகு ஒருநாள் நல்ல பேனையாகப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன். சொந்தப் பேனையால் எழுதலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை. வாக்குச்சாவடி மூடிய பிறகு என்ன நடக்கிறது என்று அன்றிரவுதான் அவர் முதல்முறையாகக் கேட்டார். ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு, அந்த மண்டபத்திலேயே வைத்து, போட்டி வேட்பாளர்களின் முகவர்கள் சுற்றி நின்று ஒவ்வொரு சீட்டையும் பார்க்க, எண்ணுகிறார்கள் என்று சொன்னேன். யாரையும் நம்பத் தேவையில்லாதபடி, ஒருவர்மேல் ஒருவர் சந்தேகத்தோடு நிற்பதையே முறையாக வைத்திருக்கிறார்கள். அது அவருக்குப் பிடித்துக்கொண்டது. "அப்ப இவங்களும் ஒருத்தரை ஒருத்தர் நம்பேல்லை" என்றார், திருப்தியாக.

பெட்டி காணாமற்போவது இங்கே நடக்காது என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். நடந்திருக்கிறது. 2013இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் மேல்சபையான செனற்றுக்கான வாக்குகளை மறுபடி எண்ணியபோது 1,370 சீட்டுகளைக் காணவில்லை. வித்தியாசம் அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது. நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. தேர்தல் ஆணையாளர் பதவி விலகினார். 2014 ஏப்ரல் 5ஆம் திகதி அந்த மாநிலம் முழுவதும் திரும்ப வாக்களித்தது. அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 'இங்கே எல்லாம் சுத்தம்' என்று சொல்கிறவர்களை அவர் தலைமுறை நம்பாது. காணாமற்போனதும் என்ன செய்தார்கள் என்ற கதையை அவர்கள் கவனமாகக் கேட்பார்கள்.

ஆனால் அதுவும் இரண்டாவது நாளுக்கு. முதலாவது நாள் நீங்கள் கேட்க மட்டும் போங்கள். அமெரிக்காவில் புரூக்மன், கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் மயாமி நகரில் வீட்டு வாசல் உரையாடல்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் பத்து நிமிடப் பேச்சு. தொண்டர்கள் அதிகம் வாதாடவில்லை. கதவைத் திறந்தவரைச் சொந்த அனுபவத்தைச் சொல்ல வைத்தார்கள், குற்றம் காணாமல் கேட்டார்கள். அதனால் திருநர்களைப் பற்றி வந்த மனமாற்றம் மூன்று மாதம் கழித்தும் இருந்தது. அந்நியர் வாசலில் செய்யக்கூடிய ஒன்றைச் சொந்த வீட்டில் செய்வது இன்னும் கஷ்டம், எனக்குத் தெரியும். அப்பாவிடம் "ஏன் அப்பா இப்படிச் சொல்லுறீங்கள்?" என்று கேட்காதீர்கள். அந்த 'ஏன்' விசாரணை போலக் கேட்கும். "எழுபத்தேழிலை நீங்கள் எங்கை போய் வாக்குப் போட்டனீங்கள்? ஆரோடை போனீங்கள்?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடம், வரிசை, சைக்கிள், கூடப்போன சிநேகிதன் எல்லாம் வரும். அந்தச் சிநேகிதன் இப்போது இருக்கிறாரா என்பதும் வரக்கூடும். அவசரப்படாமல் இருங்கள். பேத்தியையும் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளைக்குச் சொல்லும்போது பல அப்பாமார் முதல்முறையாக முழுக்கதையையும் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு வரி எனக்குத் தட்டுப்பட்டது. நீங்கள் கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். "ஒரு பெட்டியிலை ஒண்டெண்டு போட்டிட்டு வாறன்."

கீழ்ச்சபைக்கான பச்சைத்தாளில் அப்பா 2025 மே மாதம் அப்படித்தான் செய்தார் என்றால், அவருடைய வாக்கு எண்ணப்படவில்லை. மத்திய தேர்தலில் பச்சைத்தாளில் எல்லா வேட்பாளர்களுக்கும் இலக்கமிட வேண்டும். ஒற்றை 1 மட்டும் இருந்தால் அது நிராகரிக்கப்பட்ட வாக்கு. அப்பா இதில் தனி ஆள் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டால் செல்லும். செனற்றுக்கான பெரிய வெள்ளைத்தாளில் கோட்டுக்கு மேலே 1 மட்டும் போட்டாலும், ஆறு வரை போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றாலும், எண்ணுவார்கள். பச்சைத்தாளில் மட்டும் செல்லாது. ஒரே ஆள், ஒரே பள்ளிக்கூட மண்டபம், மூன்று தாளுக்கு மூன்று விதி. நாடு முழுக்க நிராகரிக்கப்படும் வாக்குகள் சுமார் 5 வீதம் என்றால், ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாத குடும்பங்கள் நிறைந்த மேற்கு சிட்னித் தொகுதிகள் சிலவற்றில் அது 2022இல் பத்தில் ஒன்று வரை போனது. ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் பகுதிதான் இதில் முன்னுக்கு நிற்கிறது. ஆறு வாரம் நீங்கள் வாசலில் நின்று சேர்க்கப் பார்த்த வாக்குகளைவிட, உள்ளே போய் வீணாகிப்போகும் எங்கள் அம்மா அப்பாமாரின் வாக்குகள் கூடவாக இருக்கலாம். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. ஊரில் ஒருதடவை எண்ணாமல் விட்ட வாக்கு, இங்கே யாரும் களவெடுக்காமலே எண்ணாமல் போகிறது.

தயவுசெய்து இதை அடுத்த சண்டையில் தூக்கி எறியாதீர்கள். 'உங்கடை வாக்கு எண்ணவே இல்லை' என்று நீங்கள் சொன்னால், 'நான் சொன்னன்தானே' என்பார், அத்தோடு முடிந்துவிடும். கதைகள் கேட்டு முடிந்த பிறகு, வேறொரு நாள், ஒரு மாதிரித் தாளை மேசையில் வைத்து, "எனக்கு இதிலை ஒரு விசயம் விளங்கேல்லை, சேர்ந்து பாப்பம்" என்று தொடங்குங்கள். யாருக்குப் போடுவது என்பதை அவரிடமே விடுங்கள். அதில் நீங்கள் தலையிட்டால் மேசையை விட்டு எழும்பிவிடுவார், அது நியாயமும்தான். விருப்பு வாக்கு என்ற சொல் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குப் புதிதல்ல. ஒரு வேட்பாளர் வெளியேறினால் அந்த வாக்கு அடுத்த இலக்கத்துக்குப் போகும் என்பதை விளங்கப்படுத்தினால் போதும். அது உங்கள் தோல்விக்கும் பொருந்தும். உங்கள் சுயேச்சை வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் அவர் வெளியேறியதும் குப்பைக்குப் போகவில்லை. அடுத்த விருப்பாகக் கடைசி இருவரில் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தன. 4 வீதமாவது எடுத்திருந்தால், செய்த செலவுக்கு ஈடாக, வாக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அரச நிதியும் கிடைத்திருக்கும்.

வழிமுறையை மாற்றுவது என்றேன். நான் மனதில் வைத்திருந்தது இதுதான். விக்ரோறியாவின் இன்டை தொகுதியில் 2013இல் கதி மக்கவன் என்ற சுயேச்சை, அசைக்க முடியாது என்று நினைத்த ஆசனத்தை 439 வாக்குகளால் வென்றார். அதற்கு முன்னர் அந்த ஊர்க்காரர்கள் செய்தது பெரும்பாலும் சமையலறை மேசைகளைச் சுற்றி இருந்து கதைத்ததுதான். வேட்பாளர் பெயர் சொல்லாமல், உங்களுக்கு இந்த ஊரில் என்ன கவலை என்று மட்டும் கேட்டார்கள். குயின்ஸ்லாந்தில் உள்ள சின்ன ஊரான பிலோவீலாவின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2018 மார்ச்சில் விடியற்காலையில், புகலிடம் கேட்டு அங்கே வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நாடுகடத்தும் விமானம் நடுவானில் போய்க்கொண்டிருக்கும்போது நீதிமன்ற உத்தரவால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. 2022 ஜூனில் அவர்கள் அதே ஊருக்குத் திரும்பினார்கள், ஓகஸ்ட்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்த நாலு வருடமும் விடாமல் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்த தொகுதி 2019இலும் 2022இலும் பழமைவாதக் கட்சிக்கே வாக்களித்தது. கட்சியை மாற்றாமலே பலர் அந்தக் குடும்பத்துக்காக நின்றார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளை அவர்களுக்குத் தெரியும். கடைசியில் முடிவு வந்தது ஆட்சி மாறியதால்தான், அதையும் சொல்ல வேண்டும். அந்த ஊர் ஆட்கள் நாலு வருடம் பேசிக்கொண்டே இருக்காவிட்டால், ஆட்சி மாறியபோது அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இருந்திருக்காது.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு குடும்பம். உங்களுக்கு முதலில் ஒரு அப்பா, பிறகு அவருடைய கோயில் சிநேகிதர்கள், மூத்தோர் சங்கத்து ஆட்கள். பத்துப்பேர், ஒரு மேசை, ஒரு மாதிரிப் பச்சைத்தாள், தேநீர். ஒரு கட்சிக்கும் ஆதரவில்லாமல், தமிழில். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 இலக்கத்தில் தமிழில் தேர்தல் ஆணைக்குழுவோடு கதைக்கலாம் என்பதைக்கூட அநேகமானவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நம்மால் முடியும் என்ற உணர்வு வாட்ஸ்அப் குழுவின் வேகத்திலிருந்து வராது. கண்முன்னே ஒருவருக்கு ஒரு விஷயம் விளங்குவதைப் பார்க்கும்போதுதான் திரும்பி வரும். ஆனால் நித்திரை சரியான பிறகு. குறைந்தது இரண்டு மாதம் எதையும் தொடங்காதீர்கள்.

கணவரைப் பற்றி அதிகம் எழுதவில்லை நீங்கள். 'வீட்டைப் பாரும்' என்பதற்குள் 'எனக்கு உம்மைக் காணக் கிடைக்கவில்லை' என்பதும் இருக்கலாம். அதைக் கேட்டுப் பாருங்கள். இல்லை, உண்மையிலேயே உங்களைத் தடுக்கத்தான் சொல்கிறார் என்றால் திரும்ப எழுதுங்கள், அது வேறு கடிதம்.

அடுத்து வருவது 2027 மார்ச்சில் மாநிலத் தேர்தல். அதில் அப்பாவின் ஒற்றை 1 செல்லும். அந்தச் சனிக்கிழமை தொண்டர் சட்டை போடாமல், அவரோடு சேர்ந்து வரிசையில் நில்லுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள், வாசலில் சொசேஜ் வாங்கிக் கொடுங்கள். பச்சைத்தாளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர் அக்கா